மாதாந்திரத் திருத்தமும் கேளாமல் வரும் வசதியும்

2024 மே 14 அன்று வெளியான விண்டோஸ் 11 மாதாந்திர அப்டேட்டில் இரண்டு சங்கதிகள் சேர்ந்தே வந்தன. ஒன்று, திரையில் காண்பவற்றையெல்லாம் வரைந்து காட்டும் நிரல்தொகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கான அடைப்பு. சிவிஇ-2024-30051 என்று எண்ணிடப்பட்ட அந்த ஓட்டையின் வழியே, கணினிக்குள் எப்படியோ கால்வைத்துவிட்ட நச்சு நிரல் ஒன்று முழு அதிகாரத்தையும் கைப்பற்றிவிட முடியும். திருத்தம் வருவதற்கு முன்பே க்வாக்பாட் உள்ளிட்ட நச்சு நிரல்களோடு அது பயன்படுத்தப்பட்டு வந்ததைக் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஆகவே இந்தத் திருத்தம் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதது. இன்னொன்று, ஸ்டார்ட் மெனுவின் பரிந்துரைப் பகுதியில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரின் சில செயலிகளைக் காட்டும் ஏற்பாடு. நேராகச் சொன்னால், விளம்பரம். முதலாவதை ஏற்று இரண்டாவதை மறுக்க வீட்டுப் பயனருக்கு வழியில்லை. நிறுவிய பிறகு செட்டிங்ஸுக்குள் தேடிப்போய் அதை அணைக்கலாம். அப்படியொன்று வந்திருக்கிறது என்பதும் அணைக்கும் பொத்தான் எங்கிருக்கிறது என்பதும் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது சாத்தியம். ரேஷன் கடையில் அரிசி வாங்கப் போனவர் தலையில் சோப்பையும் சேர்த்துக் கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இயங்குதளத்தைச் செய்த நிறுவனம், விற்றுமுடித்த பிறகும் நம் கணினிக்குள் மாதந்தோறும் நுழைந்து நிரலை மாற்றுகிறது. பெரும்பாலும் நம்மைக் கேட்பதும் இல்லை. இதை நாம் ஏற்றுக்கொண்டிருப்பதற்கு ஒரே நியாயம், ஓட்டை அடைபடாவிட்டால் நமக்கும் நம்மால் பிறருக்கும் கேடு வரும் என்பது. கட்டாயத்தின் நியாயம் ஆபத்திலிருந்து பிறக்கிறதென்றால், கட்டாயத்தின் எல்லையும் ஆபத்தோடு நின்றுவிட வேண்டும். புதிய வசதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பாதுகாப்புத் திருத்தத்தின் முதுகில் ஏறி வரக் கூடாது. இது வெறும் பயனர் வசதிக் கேள்வி என்று ஒதுக்கப்படுகிறது. பாதுகாப்பையே பாதிக்கும் கேள்வி இது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இரண்டையும் பிரிப்பது தொழில்நுட்ப ரீதியில் முடியாது என்ற வாதத்தையும் மைக்ரோசாஃப்டின் சொந்த நடைமுறையே மறுக்கிறது.

கட்டாயம் எப்படி நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு இணையத்தைச் சில நிமிடங்களில் திணறடித்தது. அது பயன்படுத்திய எஸ்க்யூஎல் சர்வர் ஓட்டைக்கான திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது. ஆறு மாதமாகப் பலர் அதை நிறுவவில்லை. 2003 ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் என்ற புழு வந்தது. அதற்கான திருத்தம் வந்து அப்போது நான்கு வாரம்கூட நிறைந்திருக்கவில்லை. வீட்டுக் கணினிகள் அறுபது விநாடி எச்சரிக்கையோடு திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாதுகாப்பே இனி முதல் வேலை என்று 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு இந்த அடிகளால் சோதிக்கப்பட்டது. அதுவரை நினைத்த நாளில் வந்துகொண்டிருந்த திருத்தங்கள், 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமைக்கு ஒழுங்குபடுத்தப்பட்டன. வெளியாகும் நேரம் அமெரிக்கப் பசிபிக் கரையில் காலை பத்து மணி. நம் ஊரில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. கணினித் துறையினர் மறுநாளைச் சுரண்டல் புதன் என்று கேலியாகக் குறிப்பிடுவதுண்டு. காரணம் எளிது: திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது தாக்குபவருக்கும் விளங்கிவிடும். திருத்தம் வெளியான நொடியிலிருந்து, அதை நிறுவாதவரின் ஆபத்து முன்பைவிடக் கூடுகிறது.

வன்னாக்ரை என்ற புழு இதற்கெல்லாம் பெரிய உதாரணம். திருத்தம் 2017 மார்ச் 14இல் வந்தது. அந்த ஓட்டையைச் சுரண்டும் கருவியை ஷேடோ புரோக்கர்ஸ் என்ற குழு ஏப்ரலில் பொதுவெளியில் போட்டது. மே 12 அன்று புழு உலகைச் சுற்றியது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் ரத்தாயின. பழைய விண்டோஸ் எக்ஸ்பியை வைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்ற பேச்சு அப்போது பரவியது. ஆனால் பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்குத் திருத்தம் இருந்தது, இலவசமாகவும் இருந்தது. இரண்டு மாத அவகாசமும் இருந்தது. ஆகவே, தானாக நிறுவப்படும் பாதுகாப்பு அப்டேட் என்பது பெருநிறுவனத்தின் திமிர் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் கணினியைத் திருத்தாமல் வைத்திருப்பவர் அண்டைக் கணினிகளையும் ஆபத்தில் வைக்கிறார். அந்த வகையில் தானியங்கி அப்டேட் பொதுநலன் சார்ந்தது. அதனாலேயே அதன் மீதான நம்பிக்கை கட்டிக்காக்கப்பட வேண்டியது.

அந்த நம்பிக்கையை அரித்த முதல் பெரிய நிகழ்வு விண்டோஸ் 10ஐப் பரப்பிய விதம். 2015இல் விண்டோஸ் 7, 8.1 கணினிகளுக்குக் கேபி3035583 என்ற அப்டேட் வழக்கமான அப்டேட்டுகளின் வழியிலேயே வந்தது. அது எந்த ஓட்டையையும் அடைக்கவில்லை. புதிய விண்டோஸுக்கு மாறச் சொல்லி நச்சரிக்கும் சின்னத்தைத் திரையோரத்தில் வைத்தது. 2016 பிப்ரவரியில் விண்டோஸ் 10க்கு மாறுவதே 'பரிந்துரைக்கப்பட்ட' அப்டேட்டாகத் தரம் உயர்த்தப்பட்டது. பரிந்துரைகளைத் தானாக ஏற்கும்படி வைத்திருந்தவர்களின் கணினியில் பல ஜிகாபைட் கோப்புகள் தாமாக இறங்கத் தொடங்கின. அந்த மே மாத வாக்கில், அறிவிப்புப் பெட்டியின் மூலையிலுள்ள எக்ஸ் குறியை அழுத்தி மூடினாலும் குறித்த நேரத்தில் மாற்றம் நடந்தே தீரும் என்ற நிலை வந்தது. இருபது ஆண்டுகளாக 'வேண்டாம்' என்று பொருள்பட்ட ஒரு குறிக்கு 'சரி' என்று பொருள் மாற்றப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலா, அந்த இடத்தில் எல்லை மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புதல் வந்தபோது வேலை முடிந்திருந்தது. பிடிக்காமல் போன பலர் அதற்குள் அப்டேட் சேவையையே முழுவதுமாக அணைத்திருந்தார்கள். அதை அணைத்துத் தருவதற்கென்றே சிறு நிரல்கள் புழங்கின. அடுத்த ஆண்டு வன்னாக்ரை தாக்கிய விண்டோஸ் 7 கணினிகளில் எத்தனை இப்படி அணைக்கப்பட்டவை என்று எவராலும் கணக்குச் சொல்ல முடியாது. இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப்போடுவது நேர்மையாகாது. எனினும், பாதுகாப்பு வந்துசேர வேண்டிய குழாயைப் பயனர் தானே அடைத்துக்கொள்ளும்படி செய்தது எது என்பதில் குழப்பம் இல்லை.

இது ஊகம் மட்டுமல்ல. கமி வனியா, எமிலி ரேடர், ரிக் வாஷ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், கணினி வல்லுநர் அல்லாத விண்டோஸ் பயனர்களிடம் நேர்காணல் நடத்தி 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓர் அப்டேட்டால் கசப்பான அனுபவம் அடைந்தவர், பின்னால் வரும் அப்டேட்டுகளை, அவை பாதுகாப்புக்கானவையா இல்லையா என்று பாராமலே, தவிர்க்கத் தொடங்கிவிடுகிறார் என்பது அதன் மையக் கண்டுபிடிப்பு. தவிர்ப்பதற்கான காரணங்களில் முன்னால் நின்றது, எதிர்பாராமல் வந்துசேரும் புதிய வசதியும் மாறிப்போகும் முகப்பும். ஓட்டையை அடைப்பது கண்ணுக்குத் தெரியாது. இடம் மாறிய பொத்தான் கண்ணை உறுத்தும். பயனர் தம் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்கிறார், கற்றுக்கொண்ட பாடம் தவறானது. ஆனால் அந்தப் பாடத்தை நடத்தியவர் அவர் அல்ல. விண்டோஸ் 10க்குப் பின் வீட்டுப் பதிப்பில் தவிர்க்கும் வாய்ப்பே குறைக்கப்பட்டுவிட்டது, அதனால் இந்த ஆய்வு இன்று பொருந்தாது என்று ஒருவர் சொல்லலாம். 2019 மே மாதப் பதிப்பிலிருந்து வீட்டுப் பயனருக்குக் கிடைத்திருப்பது அதிகபட்சம் முப்பத்தைந்து நாள் நிறுத்திவைப்பு. அது முடிந்ததும் நிறுவியே ஆக வேண்டும். கதவைப் பூட்டிவிட்டால் யாரும் வெளியேற மாட்டார்கள் என்பது உண்மைதான். அதை நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கதவு பூட்டப்பட்ட பிறகு உள்ளே வந்தவற்றின் பட்டியல் நீளமானது. 2016 அக்டோபரில் விண்டோஸ் 7க்கான திருத்தங்களை மாதம் ஒரே மூட்டையாகக் கட்டியபோது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அடங்கிய தனி மூட்டையும் நிர்வாகிகளுக்காக வைக்கப்பட்டது. நியாயமான ஏற்பாடு. ஆனால் 2019 ஜூலையில் வந்த 'பாதுகாப்பு மட்டும்' மூட்டைக்குள், கணினி புதிய விண்டோஸுக்கு மாறத் தகுதியானதா என்று அலசித் தகவல் அனுப்பும் கருவி ஒன்றும் இருந்தது. பெயர்ச்சீட்டில் எழுதியிருந்ததற்கும் உள்ளே இருந்ததற்கும் தொடர்பு விட்டுப்போன தருணம் அது. விண்டோஸ் 11இல் இது கொள்கையாகவே ஆகிவிட்டது. ஆண்டுக்கொரு பெரிய அப்டேட்டுக்காகக் காத்திராமல், தயாரான வசதிகளை மாதந்தோறும் அனுப்புவது என்று 2022இல் முடிவானது. 2023 மார்ச் மாதப் பாதுகாப்பு அப்டேட், செயற்கை நுண்ணறிவு கலந்த பிங் தேடலைக் கீழ்ப்பட்டைக்குக் கொண்டுவந்தது. பிறகு கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்தது. 2025 மார்ச் மாத அப்டேட்டில் ஒரு பிழை நேர்ந்து, சில கணினிகளிலிருந்து கோபைலட் செயலி தானாக நீங்கிப்போனது. மைக்ரோசாஃப்ட் அதைக் கோளாறு என்று அறிவித்துச் சரிசெய்தது. பயனர்களில் சிலர் அந்த மாதத்தின் சிறந்த திருத்தமே அதுதான் என்றார்கள்.

இந்த மாற்றங்கள் வந்துசேரும் முறை தனியே கவனிக்கத்தக்கது. புதிய வசதியின் நிரல் மாதாந்திர மூட்டையில் அணைக்கப்பட்ட நிலையில் வந்து இறங்குகிறது. பிறகு நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து, தொகுதி தொகுதியாக, அது உயிர்ப்பிக்கப்படுகிறது. ஒரே பதிப்பு எண், ஒரே மாத அப்டேட் கொண்ட இரு கணினிகள் அருகருகே வேறு வேறு முகம் காட்டலாம். படிப்படியாகத் திறப்பதில் பொறியியல் விவேகம் இருக்கிறது. கோளாறு தெரிந்தால் பரவுமுன் நிறுத்தலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கான தரவுக் கோப்பை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியபோது சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் உறைந்தன. படிப்படியாக அனுப்பாததன் விலை அது. ஆனால் இதே நுட்பம் வேறொன்றையும் நிறுவுகிறது: திருத்தத்தையும் வசதியையும் இணைத்திருப்பது நிரலின் இயல்பு அல்ல, ஒரு சுவிட்ச்தான். அந்தச் சுவிட்ச் யார் கையில் இருக்க வேண்டும் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

பெருநிறுவனங்களின் கையில் அது ஏற்கெனவே இருக்கிறது. நிறுவன நிர்வாகத்தின் கீழுள்ள கணினிகளுக்கு வரும் மாதாந்திர மூட்டையில், வேலைமுறையைக் குலைக்கக்கூடிய புதிய வசதிகள் அணைத்தே வைக்கப்படுகின்றன. நிர்வாகி விரும்பித் திறந்தாலோ அடுத்த ஆண்டுப் பெரிய அப்டேட் வந்தாலோதான் அவை விழிக்கும். வீட்டுக்கு வருவதும் அதே மூட்டைதான். அடுத்தது, எல்டிஎஸ்சி எனப்படும் நீண்டகாலப் பதிப்பு. மருத்துவக் கருவிகள், ஆலைக் கட்டுப்பாட்டுக் கணினிகள் போன்றவற்றுக்காக விற்கப்படும் இதில் ஐந்தாண்டு, சிலவற்றில் பத்தாண்டு வரை, புதிய வசதி எதுவும் இன்றித் திருத்தங்கள் மட்டும் வருகின்றன. 2025 ஏப்ரலில் விண்டோஸ் 11 எண்டர்பிரைஸ் பதிப்புக்கு ஹாட்பேட்ச் முறை வந்தது. காலாண்டின் முதல் மாதத்தில் முழு அப்டேட். மற்ற இரு மாதங்களிலும் பாதுகாப்புத் திருத்தம் மட்டும், ரீஸ்டார்ட்கூட இல்லாமல். அதாவது ஆண்டில் எட்டு மாதம் திருத்தம் தனித்தே பயணிக்கிறது. இதற்குரிய உரிமம் வீட்டுப் பயனருக்கு இல்லை. விண்டோஸ் 10இன் கதையோ நகைமுரண். 2025 அக்டோபர் 14 அன்று அதன் ஆதரவுக் காலம் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. விலை 30 டாலர். அமைப்புகளை நிறுவனத்தின் மேகக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. வசதி கலக்காத பாதுகாப்பு என்னும் பண்டம் வீட்டுக்கும் விற்கத்தக்கதே என்று அந்த விலைப்பட்டியல் சொல்கிறது, இயங்குதளம் ஓய்வு பெற்ற பிறகுதான் என்றாலும்.

இன்னும் நுட்பமான சான்று கோளாறுகளைக் கையாளும் முறையில் இருக்கிறது. ஓர் அப்டேட்டில் சேர்ந்த மாற்றம் தொல்லை தந்தால், முழு மூட்டையையும் கழற்றாமல் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தொலைவிலிருந்து அணைத்துப் பழைய நிரலுக்குத் திரும்பவைக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறது. பாதுகாப்பு சாராத மாற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பாதுகாப்புத் திருத்தத்தை அப்படித் திருப்பினால் ஓட்டை மறுபடி திறந்துவிடும். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மூட்டைக்குள் போகும் ஒவ்வொரு மாற்றமும் பாதுகாப்பு சார்ந்ததா இல்லையா என்று உள்ளேயே வகைபிரிக்கப்பட்டிருக்கிறது. வகைபிரிப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. பயனருக்குத்தான் அது காட்டப்படுவதில்லை.

பிரித்துவிட்டால் கோளாறுகளே ஒழிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. அண்மை ஆண்டுகளின் மோசமான உடைசல்களில் பல தூய பாதுகாப்புத் திருத்தங்களால் விளைந்தவை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகளுக்கான திருத்தம் சில ஏஎம்டி கணினிகளை எழவிடாமல் செய்தது. 2021இல் பிரின்ட்நைட்மேர் ஓட்டையை அடைக்கப் போய் அலுவலகங்களில் அச்சுப்பொறிகள் முரண்டுபிடித்தன. 2022 ஜனவரி அப்டேட்டால் நிறுவனச் சேவையகங்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. 2024 ஆகஸ்டில் துவக்கப் பாதுகாப்புக்கான மாற்றம், விண்டோஸோடு லினக்ஸும் வைத்திருந்தவர்களில் பலரை லினக்ஸுக்குள் போகவிடவில்லை. 2025 அக்டோபர் அப்டேட்டில், கணினி பழுதானால் மீட்டெடுக்க உதவும் பகுதியில் யுஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் வேலைசெய்யாமல் போய், அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஓட்டையை அடைப்பது ஆபத்தில்லாத வேலை அல்ல. அந்த ஆபத்து தவிர்க்க முடியாதது என்பதாலேயே அதன் மேல் தவிர்க்கக்கூடிய ஆபத்தை ஏற்றக் கூடாது. மாதாந்திர மூட்டை முந்தைய எல்லா மாதங்களையும் உள்ளடக்கியது. ஒரு வசதியால் தொல்லை வந்து அதைக் கழற்றினால் அந்த மாதத்தின் பாதுகாப்பும் சேர்ந்தே கழன்றுவிடும். பல மாற்றங்கள் சேர்ந்து வரும்போது எது உடைத்தது என்று கண்டுபிடிப்பதும் கடினம்.

எதிர்வாதங்களில் வலுவானது சோதனைச் சுமை பற்றியது. விண்டோஸ் 7 காலத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு டிக் பெட்டி இருந்தது. வேண்டியதை எடுத்து வேண்டாததை விடலாம். விளைவாக, உலகில் எந்த இரு கணினிகளும் ஒரே நிரல் நிலையில் இல்லை. சோதனைக்கூடத்தில் முழுமையாகத் திருத்தப்பட்ட கணினி, வெளியே பாதித் திருத்தம் கொண்ட எண்ணற்ற கலவைகள். 2016இல் மூட்டைகட்டும் முறைக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன முதன்மைக் காரணம் இதுதான். அதில் முழு நியாயம் இருக்கிறது. நான்காவது திருத்தம் வேண்டும், ஏழாவது வேண்டாம் என்று பொறுக்கும் உரிமையை மீட்டுத்தரச் சொல்வது பின்னோக்கிப் போவது. ஆனால் இந்த வாதம் பாதுகாப்புத் திருத்தங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவதைத்தான் ஆதரிக்கிறது. அவற்றோடு விளம்பரத்தைக் கட்டுவதற்கு அது எந்த நியாயமும் தரவில்லை. எல்லாருக்கும் ஒரே பாதுகாப்பு மூட்டை, விரும்பியவருக்கு ஒரே வசதி மூட்டை என்றால் நிலைகள் இரண்டுதான். இன்றைய முறையில் சேவையகம் தொகுதி தொகுதியாக வசதிகளைத் திறப்பதால் உண்டாகும் நிலைகள் அதைவிடப் பல மடங்கு. கலவை பெருகுவதைக் காட்டிப் பிரிப்பை மறுப்பவர், தாமே கலவையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

பாதுகாப்பையும் வசதியையும் கோடு கிழித்துப் பிரிக்க முடியாது என்பது அடுத்த வாதம். 2004இல் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாம் சர்வீஸ் பேக், தீச்சுவரை இயல்பாகவே இயங்கவைத்தது. அது வசதியா, திருத்தமா? வன்னாக்ரை நுழைந்த பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையை 2017 இறுதியில் புதிய நிறுவல்களிலிருந்து நீக்கியது எதில் சேர்த்தி? இந்தக் கேள்விகளுக்கு மதிப்புண்டு. ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே இருப்பதைவிட, ஒரு வகை ஓட்டையே உருவாகாதபடி கட்டமைப்பை மாற்றுவது மேலானது. அப்படிப்பட்ட மாற்றம் சில பழைய பழக்கங்களை உடைக்கவே செய்யும். என் பதில் இது: தாக்குதலுக்கான பரப்பைக் குறைக்கும் மாற்றம் எதுவும், பயனர் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தாலும், பாதுகாப்பு மூட்டையில் வரலாம். பரப்பைக் கூட்டும் மாற்றம் எதுவும் வரக் கூடாது. இந்த அளவுகோலில் சில இடங்களில் தகராறு வரும் என்பது தெரிந்ததே. ஆனால் கீழ்ப்பட்டையில் பிங், ஸ்டார்ட் மெனுவில் செயலி விளம்பரம் போன்றவற்றில் தகராறுக்கு இடமில்லை. புதிய நிரல் புதிய ஓட்டைகளையும் கொண்டுவரும் என்பதையும் மறக்க வேண்டாம். திரையைச் சில விநாடிக்கொருமுறை படம்பிடித்து வைக்கும் ரீகால் வசதி 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டு, பாதுகாப்பு வல்லுநர்களின் கடும் எதிர்ப்பால் அடுத்த மாதமே தள்ளிவைக்கப்பட்டது. விரும்பித் திறந்தால் மட்டுமே இயங்கும்படி மாற்றிய பிறகே வெளியானது. விருப்பத் தேர்வாக்கியதால் விண்டோஸுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

பழைய வடிவங்களைப் பராமரிப்பது செலவு என்பதும் உண்மை. லினக்ஸ் உலகமே அதற்குச் சாட்சி. டெபியன் நிலைப்பதிப்பில், பழைய நிரலின் வடிவத்தை மாற்றாமல் ஓட்டையை மட்டும் அடைக்கும் மரபு நெடுநாளாக உண்டு. உபுண்டுவில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கென்று தனிக் கிடங்கே இருக்கிறது. அதிலிருந்து வருபவை இயல்பாகவே தானாக நிறுவப்படுகின்றன. ஆனால் உலாவி போன்ற பூதாகரமான நிரல்களில் டெபியனாலும் அந்த மரபைக் காக்க முடியவில்லை. ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு மாறும்போது கூடவே மாறிக்கொள்கிறது. ஆப்பிள் 2023இல் பாதுகாப்புத் திருத்தங்களைத் தனியாக, விரைவாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அந்த ஜூலையில் அனுப்பிய ஒன்று சில இணையதளங்களைத் திறக்கவிடாமல் செய்து திரும்பப் பெறப்பட்டது. பிரிப்பு எளிதல்ல என்று இவை காட்டுகின்றன. தன்னார்வலர்கள் தொகுக்கும் ஓர் இயங்குதளம் பெருமளவு செய்துகாட்டியதை உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்றால் செய்ய முடியாது என்று இவை காட்டவில்லை.

மாதந்தோறும் சிறிதுசிறிதாக வருவதே ஆண்டுக்கொரு பூகம்பத்தைவிட மேல் என்றும் சொல்லப்படுகிறது. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 பெரிய அப்டேட் சிலரின் சொந்தக் கோப்புகளை அழித்துவிட்டதால் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வந்தது. முன்னோட்டச் சோதகர்கள் சிலர் அந்தப் பிழையை முன்பே தெரிவித்தும் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. சிறு மாற்றமே நல்லது என்பதை ஏற்கலாம். எவ்வளவு அடிக்கடி என்பது வேறு, எந்த வழியில் என்பது வேறு. பாதுகாப்பு சாராத மாற்றங்களுக்கென்று மாதக் கடைசியில் ஒரு விருப்ப அப்டேட் ஏற்கெனவே வருகிறது. வசதிகள் அங்கேயே தங்கலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். இப்போதோ அது ஒத்திகை மேடை. அங்கே தோன்றியது, இரண்டு மூன்று வாரத்தில் கட்டாய மூட்டையில் வந்துவிடுகிறது. ஸ்டார்ட் மெனு விளம்பரமும் 2024 ஏப்ரல் விருப்ப அப்டேட்டில் தலைகாட்டித்தான் மே மாதம் எல்லாருக்கும் வந்தது. விருப்பம் என்பதன் பொருள் அங்கே 'முன்கூட்டியே' என்று சுருங்கிவிட்டது.

இந்த விவாதம் நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கும் கட்டம் முடியப்போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். இயங்குதளங்கள் அதன் வரம்புக்குள் வருகின்றன. பாதுகாப்பு அப்டேட்டுகள் இயல்பாகவே தானாக நிறுவப்பட வேண்டும், விரும்பாதவர் அணைக்கவும் தற்காலிகமாகத் தள்ளிப்போடவும் தெளிவான வழி இருக்க வேண்டும் என்று அதன் முதல் பின்னிணைப்பு கேட்கிறது. அதே பின்னிணைப்பில், தொழில்நுட்ப ரீதியில் இயலுமிடத்தில் புதிய பாதுகாப்பு அப்டேட்டுகளைச் செயல்வசதி அப்டேட்டுகளிலிருந்து பிரித்தே வழங்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. 'இயலுமிடத்தில்' என்ற அந்த நிபந்தனையில்தான் இனிச் சண்டை நடக்கும். இயலாது என்று வாதாட வரும் வழக்கறிஞர், எல்டிஎஸ்சி எப்படி இயன்றது, ஹாட்பேட்சின் எட்டு மாதங்கள் எப்படி இயன்றன, 30 டாலருக்கு விண்டோஸ் 10இல் எப்படி இயன்றது என்ற கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். நீட்டிப்புத் திட்டத்தின் நிபந்தனைகளை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும் மைக்ரோசாஃப்ட் தளர்த்தி, ஒத்திசைவு கேட்காமல் இலவசமாகத் தந்ததைப் பார்த்தால், சட்டம் எட்டும் எல்லைவரை சுவிட்ச் பயனர் கைக்கு வரும், அதற்கு அப்பால் வராது என்றே தோன்றுகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் கணினிக்கு வருவதும் அதே நிரல்தான். பிரிக்கும் வசதி அதற்குள் இருந்தும் அது அணைத்துவைக்கப்பட்டிருக்கும்.